டிராக்டர் வாங்குதலும் வைத்து நடத்துதலும்
கம்பம் பள்ளத்தாக்குச் சங்க அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்

ஏர்மாடு கட்டி உழுத காலம் தேனி ஜில்லாவில் பெரும்பாலும் கடந்துவிட்டது. இப்பொழுது உழவு, பரம்படித்தல், தோட்டத்தில் களை மடக்குதல், எருவும் விளைபொருளும் ஏற்றிச் செல்லுதல் ஆகிய காரியங்கள் அனைத்திற்கும் குடியானவர்கள் டிராக்டரையே எதிர்பார்க்கின்றனர். பருவம் வரும்பொழுது வாடகை வண்டி கிடைக்காமல் காத்திருந்து அலுத்தவர்கள், "சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டால் என்ன?" என்று கேட்பது இயல்பே. அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும் வீடும் நிலமும் நீங்கலாக, ஒரு சிறு விவசாயி செய்யக்கூடிய செலவுகளில் இதனினும் பெரிது அரிது. தவணை தவறினால் வண்டி கையை விட்டுப் போவதோடு, ஈடாக வைத்த நிலமும் ஆபத்துக்குள்ளாகும். ஆகையால் எத்தனை குதிரை சக்தியுள்ள வண்டி வாங்குவது என்று கேட்பதற்கு முன்னர், வருஷத்தில் எத்தனை மணி நேரம் அதற்கு வேலை இருக்கிறது என்று கேட்பதே முறையாகும். அக்கேள்விக்கு விடை கண்டால், தனியே வாங்குவதா, சங்கமாகச் சேர்ந்து வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா என்பதும், எவ்வகை வண்டி என்பதும் தாமே விளங்கும்.

நமது நிலங்களும் அவற்றின் வேலையும்

முல்லைப் பெரியாறு அணை 1895-ஆம் வருஷம் திறக்கப்பட்டது முதல், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக மேற்கே பாய்ந்த நீர் கிழக்கே திரும்பி இப்பள்ளத்தாக்கை வளப்படுத்தி வருகிறது. கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்நீரை நம்பியுள்ளது. அதனையடுத்துத் திராட்சைப் பந்தல்களும், வாழை, தென்னைத் தோப்புகளும், கிணற்றுப் பாசனக் காய்கறித் தோட்டங்களும் உள்ளன. ஆண்டிபட்டிப் பக்கத்தில் மழையை நம்பிய புஞ்சை மிகுதி. இவை ஒவ்வொன்றும் டிராக்டரிடம் எதிர்பார்ப்பது வேறு வேறாகும்.

நன்செயில் வேண்டுவது சேற்றுழவு. அணையிலிருந்து தண்ணீர் திறந்தவுடன் எல்லா வயல்களுக்கும் ஒரே சமயத்தில் வண்டி வேண்டும். நாற்றின் வயது யாருக்காகவும் காத்திராது.

திராட்சைத் தோட்டத்தின் தன்மை இதற்கு நேர்மாறானது. 2023-ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, கவாத்தை மாற்றி மாற்றிச் செய்வதனால் வருஷம் முழுவதும் ஏதேனுமொரு தோட்டத்தில் பழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு தோட்டத்தில் கவாத்து முடிந்து எருவிட்டு மண் கிளறும்பொழுது, அடுத்த தோட்டத்தில் காய் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே வேலை ஒரே வாரத்தில் குவியாமல் மாதந்தோறும் பரவி வருகிறது. ஒரே வண்டியைப் பலர் பகிர்ந்துகொள்ளுவதற்கு இத்தகைய தோட்டங்களே மிகவும் ஏற்றவை என்பதைச் சங்கத்தார் மனத்திற்கொள்ள வேண்டும்.

வாழைத் தோட்டத்தில் கன்று நட்ட முதல் மூன்று நான்கு மாதங்களில் மட்டுமே வண்டி உள்ளே செல்ல இயலும். இலை கூடிய பின்னர் வழி இராது. வாழையின் வேர் மேலோடுவதாகையால் ஆழ உழுவதும் கூடாது. தென்னந்தோப்பில் இடைவெளி தாராளமாயிருப்பதால் எந்த வண்டியும் நுழையும். புஞ்சையில் கோடை உழவுக்கும் மழைக்கு முன் விதைப்புழவுக்கும் பெரிய வண்டி சில நாட்கள் வந்து போனாலே போதும். போடி மெட்டு, குமுளி மலைப் பாதைகளுக்கு மேலுள்ள ஏலத்தோட்டச் சரிவுகள் டிராக்டர் ஏறத்தக்க இடமல்ல.

மணிக்கணக்கு

டிராக்டரின் செலவு இருவகைப்படும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் நிலைச் செலவு ஒன்று. ஓடும் மணிக்கேற்ப ஆகும் ஓட்டச் செலவு மற்றொன்று. சும்மா நிற்கும் மாடு சாணமாவது இடும். சும்மா நிற்கும் டிராக்டரோ வட்டியை மட்டும் வளர்க்கும்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சிறிய டிராக்டரும் அதற்கேற்ற சுழற்கலப்பையும், அதாவது ரோட்டவேட்டரும், சேர்ந்து 6,00,000 ரூபாய் என்றும், 10 வருஷம் உழைத்த பின் 60,000 ரூபாய்க்கு விற்கலாமென்றும் வைத்துக்கொள்வோம். வருஷத் தேய்மானம் 54,000 ரூபாயாகிறது. முதலீட்டின் சராசரியாகிய 3,30,000 ரூபாய்க்கு 100-க்கு 10 வீதம் வட்டி 33,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், கொட்டகை முதலியவற்றிற்கு விலையில் 100-க்கு 2 வீதம் 12,000 ரூபாய். ஆக நிலைச் செலவு வருஷத்திற்கு 99,000 ரூபாய். இனி, டீசலுக்கு 240, எண்ணெய்க்கும் ரிப்பேருக்கும் 60, டிரைவருக்கு 100 என்று மணிக்கு 400 ரூபாய் ஓட்டச் செலவாகக் கொள்வோம். வெளியார் வண்டி மணிக்கு 800 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறதென்றும் கொள்வோம்.

சொந்த வண்டி ஓடும் ஒவ்வொரு மணியிலும் 400 ரூபாய் மிச்சமாகிறது. 99,000 ரூபாயை இம்மிச்சத்தால் ஈடுகட்ட ஏறக்குறைய 248 மணி நேரம் ஓட வேண்டும். அதற்குக் குறைந்தால் வாடகையே லாபம். மிகுந்தால் சொந்தம் லாபம்.

இப்பொழுது ஓர் அங்கத்தினருக்கு 3 ஏக்கர் திராட்சைத் தோட்டம் உண்டென்று கொள்வோம். 3 அடி அகலம் உழும் சுழற்கலப்பை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், திரும்புவதற்கும் நிற்பதற்கும் கால் பங்கு நேரத்தைக் கழித்து, மணிக்கு அரை ஏக்கர் முடிக்கும். வருஷத்திற்கு 4 முறை உழுதால் அவருக்கு ஆகும் நேரம் 24 மணிதான். வாடகைக்கு அமர்த்தினால் அவர் கொடுப்பது 19,200 ரூபாய். சொந்தமாக வாங்கி அந்த 24 மணிக்கு மட்டும் ஓட்டினால் ஆவது 1,08,600 ரூபாய். வித்தியாசமாகிய 89,400 ரூபாய் வருஷந்தோறும் அவர் கைப்பொருளிலிருந்தே போகும்.

இதே அளவு தோட்டமுள்ள 11 பேர் சேர்ந்தால் 264 மணி வேலையாகி, வண்டி தன் செலவைத் தானே தாங்கும். 20 பேர் சேர்ந்தால் 480 மணியாகி, வாடகை கொடுப்பதைக் காட்டிலும் வருஷத்திற்கு 93,000 ரூபாய் சங்கத்தாருக்கு மிஞ்சும். ஆனால் இதற்கும் ஒரு மேல் வரம்பு உண்டு. 60 ஏக்கரை ஒரு சுற்று உழ 120 மணி, அதாவது நாளொன்றுக்கு 6 மணியாக 20 நாட்கள் ஆகும். திராட்சைத் தோட்டத்தார் 20 நாட்கள் பொறுக்கலாம். நெல் வயலார் பொறுக்க இயலாது. ஆகையால் நன்செய் மிகுந்த கிராமத்தில் சேற்றுழவு முழுவதையும் ஒரே சங்க வண்டி முடிக்குமென்று எதிர்பார்த்தல் ஏமாற்றத்திற்கு இடமாகும். அப்பருவத்தில் வாடகை வண்டிகளையும் கூட்டாக முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மேற்கண்ட தொகைகள் உதாரணமேயன்றி விலைப்பட்டியல் அல்ல. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் விலையையும் வாடகையையும் இட்டு இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

தனி உடைமையா, பொது உடைமையா?

2015-16-ஆம் வருஷ விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்நிலையில் பெரும்பாலோருக்குச் சொந்த டிராக்டர் சொந்த வேலையால் மட்டும் கட்டுபடியாகாது என்பது வெளிப்படை. சொந்தமாக வாங்கி அண்டை அயலாருக்கு வாடகைக்கு ஓட்டுவோம் என்று சிலர் எண்ணுவர். அது நல்ல தொழிலே. ஆனால் அது உழவுத் தொழிலன்று, வாடகைத் தொழில் என்பதை அறிந்தே இறங்க வேண்டும். ஒரே தெருவில் நால்வர் அவ்வாறே எண்ணி வாங்கினால் நால்வருக்கும் மணி போதாது.

1904-ஆம் வருஷம் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் முதல் கிராம ஐக்கிய நாணய சங்கம் ஏற்பட்டபொழுது, தனித்தனியே ஜாமீன் பெறாதவர்கள் கூடிப் பெறலாம் என்பதே அதன் தத்துவமாக இருந்தது. பணத்திற்குப் பொருந்திய அத்தத்துவம் யந்திரத்திற்கும் பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல தமிழ்நாட்டில் டிராக்டர் வைத்து அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு அளித்து வருகின்றன. 2020-இல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய விவசாய உள்கட்டமைப்பு நிதித் திட்டத்தின் கீழ், சங்கங்களும் விவசாயி குழுக்களும் யந்திர வாடகை மையம் அமைக்க 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 வருஷம் வரையில் 100-க்கு 3 வீதம் வட்டிச் சலுகை பெற வழியுண்டு. 2014-15 முதல் நடைபெறும் விவசாய யந்திரமயமாக்கல் திட்டத்தில் தனி விவசாயிகளுக்கும் வாடகை மையங்களுக்கும் உச்ச வரம்புக்குட்பட்டு மானியமும் உண்டு. வாங்கிய பின் மனுச் செய்வதைத் தவிர்த்து, வேளாண்மைப் பொறியியல் துறையாரிடம் முன்னரே விசாரித்து மனுச் செய்ய வேண்டும். அத்துறையார் தாமே டிராக்டர்களைக் குறைந்த வாடகைக்கு விடுவதுமுண்டு. உழவன் செயலியின் மூலமாகவும் பதிவு செய்துகொள்ளலாம்.

2025-ஆம் வருஷம் செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதுள்ள சரக்கு சேவை வரி 100-க்கு 12 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்கப்பட்டது. விலை குறைவதும் மானியம் கிடைப்பதும் நன்றே. ஆயினும் மானியம் விலையைக் குறைக்குமேயன்றி வேலையைக் கூட்டாது. வேலையில்லாத வண்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டமே.

கடன் பெறுவோர் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். மேற்கண்ட வண்டிக்கு 1,50,000 ரூபாய் கைப்பணம் போக 4,50,000 ரூபாயை 5 வருஷத் தவணையில் கடனாகப் பெற்றால், முதல் வருஷம் அசல் 90,000, வட்டி 45,000, ஆக 1,35,000 ரூபாய் கட்ட வேண்டும். டீசலும் கூலியும் இதற்கு மேல். பத்து வருஷக் கணக்கில் லாபமாகத் தோன்றும் வண்டி முதல் மூன்று வருஷத்தில் மூச்சுத் திணறச் செய்வது இதனால்தான். திராட்சை விலை விழுந்த ஒரு வருஷத்திலும் தவணை கட்ட வழியுண்டா என்று சிந்தித்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, வண்டியின் உருவம். பன்னீர் திராட்சைக்குச் சிபார்சு செய்யப்படும் இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர். பந்தலின் கம்பிகள் தலைக்குச் சற்று மேலேதான் ஓடுகின்றன. ஆகையால் பந்தலின் மிகத் தாழ்ந்த இடத்தையும், கல்தூண்களுக்கிடையில் மிகக் குறுகிய இடத்தையும், வரப்போரத்தில் திரும்பும் இடத்தையும் நாடா பிடித்து அளந்துகொண்டே கடைக்குச் செல்ல வேண்டும். காய் தொங்கும் காலத்தில் கம்பி மேலும் தாழும். டிரைவர் ஆசனத்தில் அமர்ந்த பின் அவர் தலையின் உயரமே வண்டியின் உயரம் என்று கொள்ள வேண்டும். 15 முதல் 25 குதிரை சக்தி வரையுள்ள தோட்ட டிராக்டர்கள் இவ்வேலைக்கென்றே அகலம் குறைத்துச் செய்யப்படுகின்றன.

இரண்டாவது, சக்தி. எஞ்சினின் குதிரை சக்தியைப் பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். சுழற்கலப்பையையும் மருந்தடிக்கும் யந்திரத்தையும் சுழற்றுவது பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டிற்கு வந்து சேரும் சக்தியேயாகும். ஆகவே அதனைத் தனியே கேட்டறிய வேண்டும். 3 அடிச் சுழற்கலப்பைக்குச் சிறு வண்டி போதும். 5 அடிச் சுழற்கலப்பைக்கும், ஒன்பது கொத்துக் கலப்பைக்கும், பாரம் ஏற்றிய டிரெய்லருக்கும் 35 முதல் 45 குதிரை சக்தி வேண்டும். வருஷத்தில் இரண்டு நாள் நடக்கும் கடின வேலைக்காகப் பெரிய வண்டி வாங்காமல், அந்த இரண்டு நாளைக்கு மட்டும் வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம்.

மூன்றாவது, எடை. 45 குதிரை சக்தி வண்டி ஏறக்குறைய 2,000 கிலோ எடையுள்ளது. ஈரத் தோட்டத்தில் அது பன்முறை ஓடினால் மண் இறுகி, வேரும் நீரும் இறங்காமற் போகும். எடை மிகுந்தால்தான் கலப்பை ஆழும் என்ற எண்ணம் பழையது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர் கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு இணைத்து, உழும்பொழுது கலப்பையின் இழுப்பே பின்சக்கரத்தை நிலத்தில் அழுத்தும்படி செய்தார். 1939-இல் போர்டு கம்பெனியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட சிறு டிராக்டர், அதனினும் கனத்த வண்டிகளின் வேலையைச் செய்து காட்டிற்று. இன்றைய டிராக்டர்கள் யாவும் அவ்விணைப்பையே உடையன. ஈரமண்ணிலும் சிறு சரிவிலும் வேலை மிகுந்தால், எடையைக் கூட்டுவதைவிட நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைக் கொள்வது மேல்.

நான்காவது, பழுது பார்க்கும் வசதி. பருவத்தில் மூன்று நாள் நின்றுபோன வண்டி மூன்று மாத லாபத்தை விழுங்கும். ஆகவே தேனியிலோ கம்பத்திலோ அக்கம்பெனியின் ஸ்பேர் சாமான்கள் உடனே கிடைக்கின்றனவா, மெக்கானிக் தோட்டத்திற்கே வருவாரா என்பதை ஏற்கெனவே அவ்வண்டி வைத்திருப்போரிடம் விசாரிக்க வேண்டும். மத்தியப் பிரதேசம் புத்னியிலுள்ள மத்திய சர்க்கார் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. அவ்வறிக்கையைக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேட்கலாம்.

ஐந்தாவது, சோதனை ஓட்டம். கண்காட்சி மைதானத்தில் ஓட்டிக் காட்டுவது போதாது. நமது தோட்டத்தில், நமது கலப்பையோடு, ஒரு மணி நேரம் உழச் செய்து டீசல் அளந்து பார்க்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுதே சென்று கிளப்பிப் பார்ப்பது நல்லது. நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கியர் தானே நழுவுதல், கலப்பையைத் தூக்கி நிறுத்தினால் சிறிது சிறிதாக இறங்குதல் ஆகியன பெருஞ்செலவின் அடையாளங்கள். பதிவுப் புத்தகத்தில் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாராமல் முன்பணம் கொடுத்தல் கூடாது.

சங்க வண்டியை நடத்தும் விதம்

பொது வண்டி கெடுவது பெரும்பாலும் யந்திரக் கோளாறினால் அன்று, முறைக் கோளாறினாலேயாம். கால்வாய்த் தண்ணீருக்கு மடைமுறை இருப்பதுபோல் வண்டிக்கும் முறை வேண்டும். கீழ்க்கண்ட விதிகளை வண்டி வருமுன்னரே மகாசபையில் எழுதி ஒப்புக்கொள்ளுதல் நலம்.

1. பதிவு செய்த வரிசைப்படியே வண்டி செல்ல வேண்டும். நிர்வாகக் கமிட்டி அங்கத்தினருக்கும் அதே வரிசைதான். அடுத்தடுத்த தோட்டங்களை ஒரே நாளில் முடிக்க மட்டும் வரிசையை மாற்றலாம்.

2. வாடகையை மணிக்காட்டியின் கணக்குப்படி, வேலை முடிந்த அன்றே வாங்க வேண்டும். கடன் வைத்து ஓட்டிய வண்டி தன் டீசலுக்கே கடன் வாங்கும் நிலைக்கு வரும்.

3. ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் ஒரே டிரைவர் பொறுப்பாயிருக்க வேண்டும். பலர் கைபட்ட வண்டியின் கிளட்ச் நிலைக்காது.

4. எந்த நாள், யார் தோட்டம், எத்தனை மணி, எவ்வளவு டீசல், எப்பொழுது எண்ணெய் மாற்றியது என்பவற்றை ஒரு புத்தகத்தில் எழுதி, எவரும் பார்க்கும்படி சங்கக் கட்டிடத்தில் வைக்க வேண்டும்.

5. வாடகையில் தேய்மானப் பங்கைத் தனி நிதியாகப் பாங்கியில் கட்டி வர வேண்டும். மேலே கண்ட உதாரணத்தில் அது வருஷத்திற்கு 54,000 ரூபாய். அத்தொகையை லாபமென்று பங்கிட்டுக்கொண்டால், பத்தாவது வருஷம் பழைய இரும்பும் புதிய கடனுமே மிஞ்சும்.

அபாயங்கள்

சேற்றில் பின்சக்கரம் புதைந்து நிற்கையில் வேகமாகக் கிளட்சை விட்டால், முன்பக்கம் எழும்பி வண்டி டிரைவர்மேல் மல்லாந்து விழ ஒரு நொடி போதும். புதைந்த வண்டியைப் பின்னோக்கி எடுக்கவோ, வேறு வண்டியால் இழுக்கவோ வேண்டும். உருண்டால் காக்கும் இரும்புச் சட்டத்தைப் பந்தலுக்குள் மடக்கினால், வெளியே வந்தவுடன் நிமிர்த்திவிட வேண்டும். சுழலும் பி.டி.ஓ. தண்டின் மூடியைக் கழற்றி வைத்து ஓட்டுதல் ஒருபோதும் கூடாது. வேட்டி, துண்டு, புடவைத் தலைப்பு எதுவாயினும் அது சுற்றி இழுத்துவிடும். சுழற்கலப்பையில் சிக்கிய கொடியை எஞ்சினை நிறுத்திய பின்னரே எடுக்க வேண்டும். மட்கார்டின் மீது குழந்தைகளை அமர்த்துவதும், டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வதும் உயிருக்கு இறுதியாக முடியும். டிரைவருக்கு லைசென்ஸும், வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் சட்டப்படி கட்டாயம். அவையின்றி விபத்து நேரிட்டால் நஷ்டஈடு சங்கத்தின் தலையில் வரும்.

செய்ய வேண்டுவது

டிராக்டர் வாங்க விரும்பும் சங்கத்தார் அடுத்த மகாசபைக்கு முன்னர் ஒரு காரியம் செய்வார்களாக. ஒவ்வோர் அங்கத்தினரும் தம் நிலத்தின் அளவு, பயிர், எந்த மாதம் எத்தனை முறை உழவு வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். காரியதரிசி அவற்றை மாதவாரியாகக் கூட்டிப் பார்க்கட்டும். மொத்த மணி போதுமானதாயும், மாதங்களில் பரவியும் இருக்குமானால் சங்கம் துணிந்து வாங்கலாம். மணி போதாதாயின், வாடகைக்கு அமர்த்துவதில் யாதொரு தாழ்வும் இல்லை. அயல் கிராமச் சங்கத்தோடு சேர்ந்துகொள்ளவும் செய்யலாம். ஒரு கொட்டகையில் நிற்கும் வண்டியைப் பார்த்து ஊரார் மதிப்பதைக் காட்டிலும், கடனில்லாத நிலத்தில் காலத்தே உழவு முடிந்திருப்பதே குடியானவனுக்குப் பெருமை தருவதாகும்.